இருபத்தேழு மணி நாற்பது நிமிடம்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

முதலில் நலம் விசாரிக்க வேண்டியது முறை. நம் இருவர் நலமும் ஸ்கேன் படமாக எடுத்து மாட்டப்பட்டுவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். என் நுரையீரல் கட்டி, குரலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறதாம். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. முப்பத்தொரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக மைக்கைப் பிடித்துக் கத்திய தொண்டை இது. மெசேஜ் அனுப்பச் சொல்கிறாள் உங்கள் மருமகள், எங்கள் பாப்பா. அந்தப் பொடி எழுத்தில் நான் ஒரு வார்த்தை அடிப்பதற்குள் ஒரு பஸ் கிளம்பிவிடும். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

எனக்குப் போடுகிற அதே இம்யூனோதெரபி ஊசிதான் உங்களுக்கும் என்று பாப்பா சொன்னாள். உங்களுக்குச் சிறுநீரகத்தில் வந்தது, எனக்கு நுரையீரலில். ஊசி மட்டும் ஒன்று, தொடங்கியதும் ஒரே மாதம். பெண்ணைக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டீர்கள். இப்போது ஊசியிலும் சம்பந்தம் செய்துவிட்டோம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாப்பாதான் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாளாம். மாப்பிள்ளை கப்பல் வேலையில் இருக்கிறார், சம்பந்தியம்மாவுக்கு முட்டி வலி. வேறு யார் போவார்கள், சரிதான். நான் 7.40 பஸ்ஸில் போகிறேன். ஊசி ஏற்றுகிற அறையில் ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் கூட வந்தவர்களுக்கு ஒரு ஸ்டூல். என் ஸ்டூலில் என் பை இருக்கும். "கூட வந்தவங்க எங்கேய்யா?" என்று நர்ஸ் கேட்டாள். பையைக் காட்டினேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"நான் பாத்துக்கறேன், நீ வர வேண்டாம்" என்று பாப்பாவிடம் சொன்னது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்ணா அவள்? சின்ன வயதில் ஒரு நாளாவது கேட்டிருக்கிறாளா? இதற்கு மட்டும் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 16

அன்புள்ள டைம்கீப்பர் சம்பந்திக்கு,

தபால்காரர் கவரை நீட்டியதும் கோர்ட் நோட்டீஸ்தான் என்று வாங்காமலே கதவைச் சாத்தப் பார்த்தேன்! பிரித்தால் நீங்கள். கையெழுத்து மணி மணியாக இருக்கிறது. என்னுடையதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். லாரி ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடித்த கை.

இந்த ஊசி என்ன செய்கிறது என்று உங்கள் டாக்டர் சொன்னாரா? எங்கள் டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "உடம்புக்குள்ள போலீஸ் மாதிரி அணுக்கள் இருக்கு. கெட்டதைக் கண்டா அடிக்கும். ஆனா அதுங்களுக்கு ஒரு பிரேக் உண்டு. இந்தக் கட்டி இருக்கே, அது நைசா அந்த பிரேக்கை மிதிச்சு போலீஸை நிறுத்தி வச்சிருக்கு. மருந்து அந்தக் காலைத் தட்டி விடுது, அவ்வளவுதான்." நான் விடுவேனா? "டாக்டரம்மா, பிரேக் இல்லாத வண்டியை நான் முப்பத்தஞ்சு வருஷத்துல ஷெட்டை விட்டு வெளியே அனுப்பினதில்லை" என்றேன். அறையே சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் ஒரு அட்டையைக் கொடுத்தார். "அதுக்குத்தான் இது. போலீஸ் சில சமயம் நல்ல இடத்தையும் அடிச்சிடும். மூச்சு வாங்கினா, வயிறு போனா, உடனே போன் பண்ணணும்." அட்டை மருமகள் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது.

மருமகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஊசி ஏறுகிற கையை வைத்துக்கொள்ள ஒரு குட்டித் தலையணை தைத்துக் கொடுத்திருக்கிறாள். காக்கித் துணி, ஓரத்தில் ஒரு பாக்கெட் வேறு! அதில் மாத்திரை, சில்லறை எல்லாம் போட்டுக்கொள்ளலாம். பேப்பரைத் தலையங்கத்திலிருந்து வாடகைக்கு வீடு விளம்பரம் வரை படித்துக் காட்டுவாள். அடுத்த நாற்காலிக்காரர் "உங்க பொண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மருமகள் என்று விளக்கிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ஒர்க்‌ஷாப் சம்பந்தி


பிப்ரவரி 20

சம்பந்தி அவர்களுக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை. கோபத்தில் இருந்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

அது என் சட்டை. அந்தக் காக்கித் துணி. பாக்கெட்டின் இடது மூலையில் நீல மைக்கறை இருக்கும், பாருங்கள். பேனா கசிந்த கறை. ரிட்டயர் ஆன அன்று போட்டிருந்த சட்டை அது. மூன்று வருடமாக அலமாரியில் தேடுகிறேன். கல்யாணமாகிப் போகும்போது பாப்பா எடுத்துப் போயிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிகிறது. எடுத்துப் போனது சந்தோஷம். அதை வெட்டித் தைத்து உங்கள் முழங்கைக்கு அடியில் வைத்தாளே, அதுதான் தாங்கவில்லை.

"உங்க பொண்ணா?" என்று கேட்டால் "மருமக" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு நொடி. பெண்ணைப் பெற்றவன் ஒருவன் பதினொரு மணி நேர ரயில் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு நொடி செலவழித்திருக்கலாம்.

எனக்கு நேற்று முன்தினம் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பெரிதாகியிருக்கிறது. இந்த மருந்தில் சில சமயம் முதலில் வீங்கின மாதிரி தெரிந்து பிறகு சுருங்குமாம். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். "சில சமயம்" என்றால் நூறில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஏதோ பைலைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். வண்டி வருமா வராதா என்று தெரியாதபோது நானும் அப்படித்தான் ரிஜிஸ்டரைப் புரட்டுவேன்.

உங்கள் ஸ்கேன் எப்போது? முடிவை மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மார்ச் 3

அன்புள்ள சம்பந்தி,

மைக்கறை இருக்கிறது. இடது மூலையிலேயே. சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கையை வேறெங்காவது வைத்துக்கொண்டிருப்பேன். மருமகளிடம் கேட்டேன், "அப்பா சட்டைதான் மாமா, ராசியான துணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கண்ணைத் துடைத்தாளோ என்னவோ.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். எழுதக் கூசுகிறது. சிறுநீரகத்தை எடுத்த பிறகும் நெஞ்சில் மூன்று புள்ளிகள் இருந்தனவே, அதில் இரண்டைக் காணோம். மூன்றாவது பாதியாகிவிட்டது. படத்தைப் பார்த்ததும் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உங்கள் சம்பந்தியம்மா முட்டி வலியோடு தெருவில் நாலு வீட்டுக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நானும் கொஞ்சம் ஆடிவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். உங்கள் ஞாபகம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

இனி எழுதப்போவது நம் இருவருக்குள் மட்டும். ஒன்பது நாளாக எனக்கு வயிறு சரியில்லை. முதலில் நாலு தடவை, இப்போது எட்டு. நேற்று கொஞ்சம் ரத்தமும் இருந்தது. யாருக்கும் தெரியாது. பாத்ரூமுக்கு ரேடியோவை எடுத்துக்கொண்டு போய்ச் சத்தமாக வைத்துவிடுகிறேன். "மாமாவுக்குத் திடீர்னு பாட்டுப் பைத்தியம்" என்கிறாள் மருமகள். வயிற்றைக் கட்டுகிற மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, உங்கள் பாக்கெட்டிலேதான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள், சம்பந்தி. அதான் பயம். இவ்வளவு நன்றாக வேலை செய்கிற மருந்து! பத்தாம் தேதி அடுத்த ஊசி. அதையும் போட்டுக்கொண்டுவிட்டால் மூன்றாவது புள்ளியும் போய்விடும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இந்த பயம் வேறு யாருக்குப் புரியும்? அதே ஊசியைப் போட்டுக்கொள்கிறவர் நீங்கள் ஒருவர்தான். மருமகளிடம் மூச்சு விடாதீர்கள்.

அன்புடன்,
ஒர்க்‌ஷாப்


மார்ச் 7

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம் 2.15க்குக் கிடைத்தது. எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். 3.00 மணிக்கு என் நர்ஸிடம் நீட்டினேன். ரத்தம் என்கிற வரி வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. பாப்பாவின் நம்பரை என்னிடம் வாங்கி அவளே பேசினாள். எனக்குத்தான் குரல் இல்லையே. "அடுத்த ஊசி வரட்டும்னு காத்திருக்காதீங்க, இப்பவே கூட்டிட்டுப் போங்க. அந்த வயித்து மாத்திரையை நிறுத்துங்க" என்றாள். 3.12க்கு பாப்பா போனை வைத்துவிட்டாள்.

இதைப் படிக்கும்போது நீங்கள் கட்டிலில் படுத்திருப்பீர்கள். என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். பிரேக் போன வண்டியை ஷெட்டை விட்டு அனுப்பாதவர் நீங்கள். அந்த வண்டியில் நீங்களே ஏறி உட்கார்ந்துகொண்டு ரேடியோ போட்டுக்கொண்டீர்களே.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மார்ச் 21

ஐயா,

பதினான்கு நாள். அதில் பதினொன்று ஆஸ்பத்திரியில். ஸ்டீராய்டு ஏற்றி ஏற்றி முகம் பந்தாகிவிட்டது. நாலு வாய் கஞ்சி இறங்குகிறது. சம்பந்தியம்மா அழுது ஓய்ந்தாள். மருமகள் என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊசியை நிறுத்திவிட்டார்கள். இனி எப்போதும் கிடையாதாம். அந்த அறையில் என் நாற்காலியில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்.

சந்தோஷமா?

குடல் கிழிகிற நிலையில் இருந்தது, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றுதான் டாக்டரம்மா சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்பதுதான் என் கேள்வி. உங்களுக்குக் கட்டி வளர்ந்தது, எனக்குச் சுருங்கியது. உங்கள் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உங்கள் சட்டையில் என் கை இருந்தது. அது பொறுக்கவில்லை உங்களுக்கு. எனக்குக் கிடைத்த ஒரே ஊசியையும் பிடுங்கிவிட ஒரு வழி கிடைத்தது, நர்ஸிடம் ஓடிவிட்டீர்கள். நம்பி எழுதினேன். உங்கள் வயிற்றெரிச்சல்தான் என் வயிற்றில் வந்து இறங்கியிருக்கிறது.

இனி கடிதம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப்காரன்


மார்ச் 26

சம்பந்தி,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

பொறாமையால் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விஷயம் அப்படியே தலைகீழ். பொறாமை என்னைச் சொல்ல வைக்கவில்லை, சொல்ல விடாமல் பிடித்து வைத்தது.

உங்கள் கடிதம் ஏழாம் தேதி 2.15க்கு வரவில்லை. ஆறாம் தேதி காலை 11.20க்கு வந்தது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு வண்டியின் நேரத்தைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. டிரைவர்கள் கெஞ்சுவார்கள், "அஞ்சு நிமிஷம்தான், போட்டுக்குங்க சார்" என்று. போட மாட்டேன். முதல்முறையாக உங்களுக்கு எழுதிய கடிதத்தில் பொய் நேரம் போட்டேன்.

11.20க்கே படித்துவிட்டேன். ரத்தம் என்ற வார்த்தையையும் படித்தேன். அந்த அட்டை என்னிடமும் இருக்கிறது, உடனே போன் செய்ய வேண்டும் என்று அதில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சாப்பிட்டேன். துணி துவைத்துக் காயப்போட்டேன். ரகசியம் என்று சொல்லியிருக்கிறாரே, நம்பிக்கைத் துரோகம் செய்யலாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அத்தனையும் புளுகு. உள்ளே இருந்தது வேறு. இரண்டு புள்ளிகளைக் காணோம் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. பத்தாம் தேதி ஊசியையும் போட்டுக்கொள்ளட்டும், என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் துரத்தவில்லை நான். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். நீங்கள் இல்லாவிட்டால் பாப்பா இங்கே வருவாள் என்றுகூட நினைத்தேன். எழுதிவிட்டேன், இனி அடித்து அழிக்க மாட்டேன்.

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நர்ஸ் வழக்கம்போல, "வயிறு எப்படிய்யா இருக்கு? எத்தனை தடவை?" என்று கேட்டாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். எட்டு என்று என் கை விரலைக் காட்டிவிட்டது. அவள் பதறி எழுந்தாள். எனக்கில்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்போது மணி 3.00.

இருபத்தேழு மணி நாற்பது நிமிடம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று டாக்டரம்மா சொன்னாரே, அதில் ஒரு நாளை நான் ஏற்கெனவே தின்றுவிட்டேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டும். பாப்பாவிடம் சொல்வதானால் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். நேற்று முன்தினம் இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். அந்த "சில சமயம்" எனக்கு இல்லை. கட்டி இன்னும் வளர்ந்திருக்கிறது, எலும்பிலும் ஒரு இடம். எனக்கும் ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரல் ஆறாம் தேதியிலிருந்து கீமோ, வாரம் ஒருமுறை. உங்களுக்கு நிறுத்தினார்கள், எனக்கும் நிறுத்தினார்கள். இதில் மட்டும் நாம் சமம்.

இதைப் பாப்பாவிடம் சொல்லாதீர்கள். உங்களைப் பார்த்துக்கொள்ளவே அவளுக்கு நேரம் சரியாக இருக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மார்ச் 30

சம்பந்தி,

உங்கள் கடிதம் காலை 10.40க்கு வந்தது. நேரம் சரி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே எழுதுகிறேன்.

முதல் பாதியைப் படித்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரைக் குத்தினேன். கை வீங்கியிருக்கிறது. ஒரு நாள் பூராவும் சட்டைப் பைக்குள் என் உயிரை வைத்துக்கொண்டு துணி துவைத்திருக்கிறீர்கள். இதை மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுத எனக்கு வாய் வரவில்லை. மெதுவாக வரும், இல்லை வராமலே போகும். ஆனால் ஒன்று. நீங்கள் ஒரு நாள் மறைத்தீர்கள். நான் பதின்மூன்று நாள் மறைத்தேன், அதுவும் ரேடியோ போட்டு. கணக்குப் பார்த்தால் என்னைக் கொல்லப் பார்த்ததில் நான்தான் முன்னால் நிற்கிறேன்.

இரண்டாம் பாதியைப் படித்ததும் சமையலறைக்குப் போனேன். மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் கையில் கொடுத்தேன். ஸ்கேன் இருக்கிற பக்கம். மற்ற பக்கங்களை அடுப்பில் போட்டுவிட்டேன், அது உங்களுக்கும் எனக்கும் மட்டும். அவள் படித்தாள். "அப்பா வர வேண்டாம்னாரு மாமா, வந்தா கோபிச்சுக்குவாருன்னு பயந்து இருந்துட்டேன்" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மூன்று வருடமாக என் வீட்டில் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எனக்காக அவள் இப்படி அழவில்லையே என்று தோன்றியது. நான் குடல் கிழியக் கிடந்தபோது கோபித்துக்கொண்டாள், டாக்டரிடம் சண்டை போட்டாள், எல்லாம் செய்தாள். இப்படி அழவில்லை.

10.40க்கு உங்கள் ரகசியம் கிடைத்தது. 10.52க்கு சொல்லிவிட்டேன். பன்னிரண்டு நிமிடம். உங்களைவிட நான் தேவலை.

ஏப்ரல் மூன்றாம் தேதி காலை 6.15க்கு ரயில் அங்கே வரும். உங்கள் கீமோ முடிகிறவரை அங்கேதான் இருப்பாள். மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன். இங்கே நான் ஊசிக்கே போக வேண்டியதில்லை, சும்மா கிடக்கிற கிழவனுக்கு எதற்கு ஆள்? சம்பந்தியம்மாவின் முட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் மறுபடி அதே கதை ஆகும். ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் நெஞ்சையும் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது புள்ளி ஊசி இல்லாமலே இன்னும் சின்னதாகியிருக்கிறது. போலீஸை ஒருதரம் எழுப்பிவிட்டால் சிலருக்கு அது திரும்பத் தூங்குவதில்லையாம். படியுங்கள், எரியட்டும். எரிய உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அவள் பெட்டி கட்டும்போது காக்கித் தலையணையை என் கட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டாள். என்னிடம் கேட்கவில்லை. எடுத்துப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதம் நீங்கள் எப்படி இருந்திருப்பீர்கள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

உங்கள்,
சம்பந்தி


ஏப்ரல் 6

சம்பந்தி,

6.15 ரயில் 6.37க்கு வந்தது. இருபத்திரண்டு நிமிடம் தாமதம். நான் ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கியதும் திட்ட வேண்டும் என்று வார்த்தையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். குரல் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இன்று முதல் கீமோ. கையை நீட்டியதும் தலையணையை அடியில் வைத்தாள். மூன்று மணி நேரம். பேப்பரைத் தலையங்கத்திலிருந்து வாடகைக்கு வீடு வரை படித்தாள். நர்ஸ் வந்து ஸ்டூலைப் பார்த்தாள். "யாருய்யா, உங்க பொண்ணா?" என்றாள். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அதற்குள் பாப்பாவே சொல்லிவிட்டாள்.

பாக்கெட்டில் உங்கள் வயிற்று மாத்திரை இரண்டு மிச்சம் இருந்தது. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நர்ஸ் அன்றே நிறுத்தச் சொன்னது, குப்பையில் போடுங்கள், போட்டதும் எனக்கு எழுதுங்கள்.

தலையணையைத் திருப்பித் தருவதாக இல்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா